இரண்டு நிமிடம் பத்து வினாடி

ரயிலில் ஜன்னலோர இருக்கையை நான் எப்போதும் மெங்காவுக்குத்தான் கொடுப்பேன். அதுவும் ரயில் போகும் திசையைப் பார்த்த இருக்கை. பின்பக்கமாகப் போனால் அவளுக்குத் தலை சுற்றும். கல்யாணமான நாற்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் இதில் தவறியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை ஒரு முரடன் என்று எழுதிவிடக் கூடாது.

தண்ணீர் வேண்டாம், நன்றி. வழக்கறிஞரும் வேண்டாம். நானாகத்தான் வந்திருக்கிறேன். ஒன்பது மணிக்கு வரச் சொன்னீர்கள், ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வெளியே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கூப்பிட்டது ஒன்பது பதினொன்றுக்கு. பரவாயில்லை.

நான் வந்தது ஒரு தப்பான பதிவைத் திருத்தச் சொல்லத்தான். ஜனவரி பதினாலாம் தேதி, எல்லைக்குப் பக்கத்து நிலையத்தில், இன்ஸ்புரூக் போகும் விரைவு ரயில் முப்பத்து நான்கு நிமிடம் தாமதம். நிலையத்தின் பெயர் உங்கள் கோப்பில் இருக்கும். காரணம் என்ற இடத்தில் ‘டிக்கெட் பரிசோதகரின் சைகை’ என்று போட்டிருக்கிறது. அந்தப் பரிசோதகர் லடீனா என்ற பெண்மணி. அவரே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். “நான் கையைத் தூக்கினேன், அதைப் பார்த்துத்தான் அந்த அம்மா ஓடினாங்க” என்று எனக்கும் ஒரு கடிதம் போட்டார். மூன்று பக்கம், கையால் எழுதியது. வேலையை விடப்போகிறாராம். இருபத்தெட்டு வருஷம் ஒரு புகாரும் இல்லாமல் வேலை பார்த்தவர். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தவறான காரணம் தவறான ஆளின் பெயரில் நிற்கிறது. நான் முப்பத்தாறு வருஷம் ரயில்வேயின் அட்டவணைப் பிரிவில் இருந்தவன். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு ரயிலிலிருந்து இறங்கி இன்னொரு ரயிலில் ஏற ஒரு மனிதருக்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்று அளப்பது என் வேலை. ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக நிலையம் நிலையமாக நடந்திருக்கிறேன். எந்தப் படிக்கட்டில் எத்தனை படி, எந்தப் பெட்டியில் ஏறினால் சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் இறங்கலாம், எதில் ஏறினால் தூரத்தில் இறங்குவோம், எல்லாம் இன்னும் தலைக்குள் இருக்கிறது. ஆரோக்கியமான ஒரு ஆள், கையில் ஒரு சின்னப் பை. அதுதான் எங்கள் அளவு. வயதானவர்களுக்கு இரண்டு நிமிடம் கூட்டிப் போடலாமே என்று ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் கேட்டார். கூட்டிப் போட்டால் நாடே இரண்டு நிமிடம் நிற்கும் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

மெங்கா எனக்கு நேர் எதிர். தேவாலயத்துக்குத் தாமதம், பல் மருத்துவரிடம் தாமதம், எங்கள் கல்யாணத்துக்கே பன்னிரண்டு நிமிடம் தாமதம். வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று பேசுவாள். எங்கள் ஊர்க்காரர்கள் ரயிலில் ஏறினால் எல்லோருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். இவள் எதிரில் உட்கார்ந்தவரின் பேரன் பேத்தி வரை விசாரித்துவிடுவாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொள்வேன்.

ஆனால் ஒன்றே ஒன்று. தன் வாழ்க்கையில் ஒரு ரயிலை அவள் காக்க வைத்ததில்லை. ரயிலைத் தவறவிடுவாள், அது பற்றி அவளுக்கு வெட்கமே கிடையாது. தனக்காக ஒரு ரயில் நிற்பதை மட்டும் அவளால் தாங்க முடியாது. அவளுடைய அப்பா மலையடிவாரத்தில் ரயில்வே கேட் காவலர். தண்டவாளத்தை ஒட்டின வீட்டில்தான் பிறந்து வளர்ந்தாள். “ஒருத்தனுக்காக ரயில் நின்னா, ஊர் மொத்தமும் ஒத்தக் கால்ல நிக்குது” என்று அவர் சாப்பிடும்போதுகூடச் சொல்வாராம். எங்கள் ஊரில் எல்லோருக்குமே இதில் கொஞ்சம் கூச்சம் உண்டு. கதவைப் பிடித்து ரயிலை நிறுத்துகிறவனைப் பந்தியில் எச்சில் துப்பினவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்போம். மெங்காவுக்கு அது ரத்தத்திலேயே ஊறியிருந்தது.

நான் ஓய்வு பெற்றதும் இருவருக்கும் ஆண்டுச் சீட்டு வாங்கினேன். செவ்வாய்க்கிழமை தோறும் கூர் நகரத்திலிருந்து கிளம்புவோம். லூசர்ன், பெர்ன், இன்ஸ்புரூக், சால்ஸ்பூர்க், பொல்சானோ. எந்த ரயில், எந்த பிளாட்பாரம், மாற எத்தனை நிமிடம் என்று முந்தின நாளே ஒரு அட்டையில் எழுதிவிடுவேன். அவள் ரொட்டி, பாலாடைக்கட்டி, அவித்த முட்டை இரண்டு, பிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொள்வாள். ஏரியோ பனிமலையோ ஜன்னலில் போய்க்கொண்டிருக்கும், அவள் முட்டை உரித்துக்கொண்டே யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள். நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

போன வருஷம் ஆகஸ்டில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். மாற்றினால் சரியாகிவிடும், இன்னும் இருபது வருஷம் ஓடும். பிப்ரவரி மூன்றாம் தேதி அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள். மருத்துவர் அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார்.

“அதுவரைக்கும் ஓடக் கூடாது. அதுவும் குளிர்ல, படியேறின கையோட ஓடறது சுத்தமா ஆகாது. அப்படியே விழுந்துடுவாங்க, நாங்க வர்றதுக்குள்ள முடிஞ்சுடும். உங்க கையிலதான் இருக்கு சார்.”

புரிகிறது என்றேன். எனக்கு நன்றாகவே புரிந்தது.

செப்டம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது, மெங்கா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். “ஆபரேஷன் முடிஞ்சதும் நான் பிரிக்ஸனுக்குப் போறேன்யா. ஓர்சோலா வீட்டு மாடி காலியாத்தான் கிடக்கு.”

ஓர்சோலா அவளுடைய அக்கா. விதவை. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

“நாள் கணக்கு இல்ல. போறேன், அவ்வளவுதான். உன்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல கௌடென்ஸ். ஆனா உன்கூட இருக்கிறது நாற்பது வருஷமா பிளாட்பாரத்துலயே நின்னுக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு. மிச்சம் இருக்கிறதையாவது உட்கார்ந்து வாழணும்னு தோணுது. உனக்கு வேணும்னா நீயும் வா. வாட்ச்சை மட்டும் இங்க கழட்டி வச்சுட்டு வா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் எதைச் சொன்னாலும் கடைசியில் சிரிப்பாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது. அக்காவிடம், பக்கத்து வீட்டுக்காரர்களிடம், ரயிலில் எதிரே உட்கார்ந்த யார் யாரிடமோ இதை ஏற்கெனவே பேசியிருப்பாள் என்று நினைத்தபோது காது சூடாகிவிட்டது. நான் காபியைக் குடித்து முடித்தேன். பிப்ரவரி மூன்றுக்கு இன்னும் இருபது செவ்வாய்க்கிழமைகள் இருந்தன.

அப்படியானால் போவதற்கு முன்னால் நம் ஊர்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. “அட, உனக்குள்ளயும் ஒரு மனுஷன் இருக்கான்யா” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். ஒன்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்த இலையுதிர் காலத்தில் நாங்கள் இருவரும் மிகவும் சந்தோஷமாக இருந்தோம்.

அக்டோபரில் அட்டையில் எல்லா மாறுதலுக்கும் ஒன்பது நிமிடம் வைத்தேன். நவம்பரில் ஏழு. அதன் பிறகு ஐந்து. எதையும் நான் இட்டுக்கட்டவில்லை, எல்லாம் அச்சடித்த அட்டவணையில் உள்ளவை. ஆரோக்கியமான ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம் தாராளம். கடைசிப் பெட்டியில் ஏறுவோம், இறங்கும்போது படிக்கட்டு எட்ட இருக்கும். நான் கொஞ்சம் முன்னால் நடப்பேன். அவள் உதடு நீலம் பூத்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வேன். லூசர்னில் ஒருமுறை பூத்திருந்தது.

“என்னய்யா இது, ஊர் சுத்திப் பாக்க வந்தோமா, பட்டாளத்துல சேர வந்தோமா?” என்று கேட்டாள். பக்கத்தில் போன ஒருவர்கூடச் சிரித்தார்.

பெர்னில் அவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் ரயிலின் வாசலில் நின்றிருந்தேன். கதவு மூடுவதற்குள் நான் இறங்கிக்கொண்டேன். அவளிடம் போனால், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு பெண்ணிடம் அவளுடைய நாய்க்குட்டியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறாள். “அடுத்த வண்டியில போலாம்யா. பாத்தியா, ஒரு ரயில் போயிடுச்சு, மலை ஒண்ணும் இடிஞ்சு விழல” என்றாள். அரை மணி நேரம் சூடான சாக்லேட் குடித்தோம். சால்ஸ்பூர்கிலும் அதே கதை. ரயில் போனதும் சுட்ட கஷ்கொட்டை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் என் பிழை எனக்கு விளங்கியது. இதை என் துறையில் வேறு யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். போகிற ரயிலுக்காக மெங்கா ஓடமாட்டாள். ஒரு ரயில் அவளுக்காக நின்றால்தான் ஓடுவாள்.

இதை ஏற்றுக்கொள்வது எனக்கு லேசாக இல்லை. நீங்கள் போலீஸ்காரர், உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். முப்பத்தாறு வருஷத்தில் என்னால் ஒரு ரயில்கூட ஒரு வினாடி தாமதமானதில்லை. என் சொந்தத் தம்பி பிளாட்பாரத்தில் ஓடி வந்தபோது, அவன் முகத்துக்கு நேரே கதவு மூடுவதைப் பார்த்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான். கிறிஸ்துமஸ் முடியும் வரை இரவு சரியாகத் தூங்கவில்லை. செய்யலாமா கூடாதா என்று அல்ல. ரயிலை நிறுத்தத்தான் வேண்டுமா என்று.

ஜனவரி பதினாலு ஓர்சோலாவின் பிறந்த நாள். பிரிக்ஸனுக்குப் போவதாகத் திட்டம். மெங்கா முந்தின நாள் வால்நட் கேக் செய்து, தகர டப்பாவில் வைத்து நாடா கட்டினாள். காலையில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது. எல்லை நிலையத்தில் மாற நான்கு நிமிடம். பிரிக்ஸனுக்குப் போக வேண்டிய இன்ஸ்புரூக் ரயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான். சுரங்கப்பாதைக்கு முப்பது படி கீழே, முப்பது படி மேலே. லிஃப்ட் இருக்கிறது, நாங்கள் இறங்கின பெட்டிக்கு அது மறுகோடி. டப்பாவை நான் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “வேணாம், நீ ஓடுற ஓட்டத்துல கேக் கூழாயிடும்” என்றாள். நான் முன்னால் போய் இடம் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பிளாட்பாரத்தில் ஏறி, படிக்கட்டிலிருந்து எண்பது அடி நடந்து, ஒரு வாசலில் ஏறிக்கொண்டேன். எண்பது ஏன் என்று கேட்பீர்கள். அவளால் நடந்தால் கடக்கக்கூடிய தூரம் அது. ஓடினால் முடியாது. அக்டோபரிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தது அதைத்தான்.

புறப்படும் நேரம் வந்தது. லடீனா அம்மையார் பிளாட்பாரத்தில் நின்று ரயிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கதவு மூடும் ஓசை கேட்டது. நான் இடது காலை நடுவில் வைத்தேன். கதவு என் ஷூவில் மோதித் திறந்துகொண்டது. என் கடிகாரத்தில் அப்போது பத்து முப்பத்து மூன்று, பூஜ்யம் வினாடி.

அவர் ஓடி வந்தார். “என்ன சார், காலை எடுங்க” என்றவர், அதற்குள் படிக்கட்டின் உச்சியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற, சிவப்புத் தொப்பி போட்ட மெங்காவைப் பார்த்துவிட்டார். “உங்க வீட்டம்மாவா? சரி சரி, மெதுவா வரட்டும், ரெண்டு நிமிஷம்தானே, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான் அவர் செய்தது. நல்ல மனுஷி. அந்தக் கையை மெங்கா பார்க்கவே இல்லை. அவள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே சொன்னாள். “நீ போய்யா. நான் அடுத்ததுல வரேன்.”

இங்கேதான், நான் வாயைத் திறக்காமல் காலை எடுத்திருந்தால், அவள் அந்தப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து யாரோடாவது பேசிவிட்டு, அடுத்த ரயிலில் பிரிக்ஸனுக்குப் போயிருப்பாள். இன்றைக்கு வால்வு மாற்றி, அக்கா வீட்டு மாடியில் இருந்திருப்பாள். எனக்கு அது தெரியும். அப்போதும் தெரியும்.

“உனக்காகத்தான் நிக்குது மெங்கா” என்றேன். “முந்நூறு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க.”

ஜன்னல்களில் தலைகள் திரும்பின. அவள் அவற்றையெல்லாம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாற்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள், நான் கதவில் கால் வைக்கிற ஆள் இல்லை என்று இந்த உலகத்தில் அவளுக்குத்தான் தெரியும். அந்தப் பார்வையில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஓடினாள். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தொப்பி ஒரு பக்கம் சரிய, “காலை எடுய்யா, கௌடென்ஸ், காலை எடு” என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்தாள். கேட் காவலரின் மகள். ஐம்பதாவது அடியில் விழுந்தாள். டப்பா உருண்டு வந்து தண்டவாளத்தில் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் காலை எடுத்தேன். பத்து முப்பத்தைந்து, பத்து வினாடி.

எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “பொண்டாட்டிக்காக ரயிலையே நிறுத்தினீங்களே, கொடுத்து வச்சவங்க” என்று அழுதார். இறுதிச் சடங்கில் பாதிரியாரும் அதைத்தான் சொன்னார், இந்த ஊரில் மனைவிக்காக ரயிலை நிறுத்திய ஒரே கணவன் என்று. ஓர்சோலா மட்டும் அப்படி இல்லை. சடங்கு முடிந்து போகும்போது என் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வாட்ச்சைத்தான் பார்த்தாள்.

மெங்காவை வெறுத்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. வெறுத்தவன் ஜன்னலோர இருக்கை கொடுப்பானா? அவள் சாக வேண்டும் என்று நினைத்தேன், அதற்காக நாலு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டேன், அது நடந்தது. இதை நான் மறைக்கவில்லை, எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளைத் தொட்டுத் தள்ளவில்லை, பொய்யும் சொல்லவில்லை. முந்நூறு பேர் காத்திருந்தது நிஜம். உண்மையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

கொலைக்கு உங்கள் சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படி செய்யுங்கள். நான் வந்தது வேறு வேலைக்கு. லடீனா அம்மையாரின் பெயரை அந்தப் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள், அவர் வேலையிலேயே இருக்கட்டும். காரணம் என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள். ஆனால் சரியாகப் போடுங்கள், மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிடாதீர்கள். கதவில் கால் வைத்த இரண்டு நிமிடம் பத்து வினாடி என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். மீதி முப்பத்தொரு நிமிடம் ஐம்பது வினாடியும் அவள் பிளாட்பாரத்தில் கிடந்ததால் ஆன தாமதம். அது மெங்காவினுடையது.